உளியும் ஏடும்

(கொல்லிமலையில் இயக்கத் தோழர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கலையைப் பற்றியும் தத்துவத்தைப் பற்றியும் பேச இது நேரமா என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். மலைப்பாதை, மருத்துவமனை, மிளகுக்கும் காப்பிக்கும் கிடைக்கும் விலை, காட்டு நிலத்தின் உரிமை, இத்தனையும் இருக்கையில் சிற்பமும் சாத்திரமும் எதற்கு என்று கேட்கக்கூடும். அக்கேள்வியை நான் மதிக்கிறேன். ஆயினும் ஒன்று சொல்வேன். உழைப்பவனின் பங்கைக் குறைக்க ஆயிரம் வழிகள் உண்டு. அவற்றுள் மிகப் பழையது, அவன் செய்த பொருளை அவன் செய்யவே இல்லை என்று அவனையே நம்ப வைப்பது. விளைந்த நெல்லுக்கு அது நடந்தது. நெய்த துணிக்கு நடந்தது. வடித்த சிலைக்கும், பாடிய பண்ணுக்கும், ஆடிய ஆட்டத்திற்கும் நடந்தது. ஆகவே இது பொழுதுபோக்குப் பேச்சன்று. உரிமை பற்றிய பேச்சே ஆகும்.

நம் நாட்டில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. ஒரு குரல் சொல்கிறது: “இந்தியக் கலை முழுவதும் ஆத்மிகக் கலை. அது வடமொழிச் சாத்திரங்களில் பிறந்தது. சிற்பி வெறும் கருவி, தியானத்தில் தோன்றிய வடிவத்தைக் கல்லிற் பதித்தவன், அவ்வளவே.” மற்றொரு குரல் நம் பக்கத்திலிருந்தே எழுகிறது: “அப்படியானால் கோயிலும் சிலையும் அவர்களுடையவை. நமக்கு அவை வேண்டா, புறந்தள்ளுவோம்.” முதற் குரலும் இரண்டாம் குரலும் ஒன்றையொன்று எதிர்ப்பன போலத் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒரே இடத்தில் நிற்கின்றன. ஏடுதான் கலையைப் படைத்தது என்பதை இரண்டுமே ஒப்புக்கொள்கின்றன. அந்த அடிப்படை சரிதானா என்று ஆராய்வதே இன்றைய என் நோக்கம். அதனை ஆராய்வதற்கு இந்தக் கொல்லிமலையைவிடத் தகுந்த இடம் வேறில்லை.

பாவையின் கதை

இம்மலையைச் சங்கப் புலவர் பலர் பாடியுள்ளனர். பரணர் பாடினார், கபிலர் பாடினார். பலாமரம் செறிந்த இக்குடவரையில் ஒரு பாவை இருந்ததென நற்றிணையும் குறுந்தொகையும் கூறுகின்றன. காற்று மோதினாலும், மழை கடுகிப் பெய்தாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் தன் அழகு குன்றாத பாவை அது என்று பரணர் வியக்கிறார். அதனைச் செய்தது ஒரு பூதம் என்கிறது ஒரு பாட்டு. தெய்வம் எழுதியது என்கிறது மற்றொரு பாட்டு.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்த்திட வேண்டும். அந்தப் பாவை கல்லிற் செதுக்கியதா, பாறையிலே தீட்டிய ஓவியமா, இயற்கையாக அமைந்த வடிவமா என்பது பற்றி ஆராய்ச்சியாளர் பலவாறு கூறுவர். ஆனால் அந்நாளைய தமிழன் அதனை எதற்கு நினைத்தான் என்பதில் ஐயமே இல்லை. தன் காதலியின் அழகுக்கு உவமையாக நினைத்தான்! எந்த முத்தியையும் அவன் அதனிடம் வேண்டவில்லை. எந்த மந்திரத்தையும் அதன்முன் ஓதவில்லை. அழகிய வடிவம் ஒன்று உலகில் உண்டு, என் மனத்துக்கினியாள் அதனை ஒப்பாள் என்றான். அதுதான் அந்தப் பாடல்களில் பாவைக்கு உள்ள இடம்.

பின்னர் நடந்தது என்ன? சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலுள் ஒன்று ‘பாவை’. அவுணர் போர்க்கோலம் நீங்கும்படி திருமகள் ஆடிய ஆடல் அது என்று காப்பியம் சொல்லும். கொல்லிப்பாவை வடிவாய் நின்று ஆடினாள் என்று உரை விளக்கும். மலைமக்களின் பாவை, திருமகளின் வேடமாகி விட்டது. இன்றோ இம்மலையின் எட்டுக்கை அம்மனையே கொல்லிப்பாவை என்று மக்கள் வழிபடுகின்றனர். ஒரே பாவை! முதலில் காதலுக்கு உவமை. அடுத்துக் கூத்துக்கு உருவம். பின்னர் வழிபாட்டுக்குத் தெய்வம். இந்த மாற்றத்தை நான் இகழவில்லை. மக்கள் தாம் நேசித்ததைத் தெய்வமாக்குவது உலகெங்கும் உள்ள வழக்கம். ஆனால் வரிசையை மட்டும் மறந்துவிடாதீர்கள். வடிவம் முன்னே வந்தது. விளக்கம் பின்னே வந்தது.

இதே மலையில் வளப்பூர் நாட்டில் அறப்பள்ளீசுவரர் கோயில் இருக்கிறது. அதன் தல வரலாறாக மக்கள் வாய்மொழியில் வழங்குவது யாது? உழவன் ஏர் ஓட்டினான்; கொழு எதிலோ பட்டது; தோண்டிப் பார்த்தால் இலிங்கம்; கொழு பட்ட தழும்பு அதன் முடியிலே. இந்தக் கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் உரிமை. அது யாருடைய நினைவு என்பதைப் பாருங்கள். இந்தக் கடவுளை முதலில் கண்டவன் உழவன், காட்டிய கருவி கலப்பை என்று இம்மலை நினைவில் வைத்திருக்கிறது. அக்கோயிலருகே ஓடும் ஆற்றுக்கு ஐயாறு என்பது பெயர். அது பாறையிலிருந்து குதித்து விழும் அருவிக்கோ ஆகாய கங்கை என்று பெயர் வழங்குகிறது. காவிரிக்குப் போகும் தண்ணீர் கங்கையின் பெயரைத் தாங்கி விழுகிறது! பெயர் எங்கிருந்து எங்கே வந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நாமக்கல்லின் குடைவரை

இனி மலையடிவாரத்தைத் தாண்டி நாமக்கல்லுக்கு வாருங்கள். அங்கே ஒற்றைப் பாறைக் குன்றின் இருபுறமும் இரண்டு குடைவரைகள். ஒன்று நரசிங்கருக்கு, மற்றொன்று பள்ளிகொண்ட அரங்கருக்கு. 8-ஆம் நூற்றாண்டின் படைப்புகள். அதியர் குலத்து மன்னன் எடுப்பித்தவை. ‘அதியேந்திர விஷ்ணுகிருகம்’ என்று கல்வெட்டு பெயர் சொல்கிறது. கிரந்த எழுத்து, வடமொழி வாசகம். ஔவைக்கு நெல்லிக்கனி தந்த அதியமானின் குலப்பெயரைத் தாங்கிய மன்னன், தன் பணியை வடமொழியிற் பொறித்து வைத்தான்.

இதனை மறைத்துப் பேசுவது நமக்கு அழகன்று. உலகளந்த திரிவிக்கிரமன், வராகம், அரியும் அரனும் இணைந்த உருவம் என அங்குள்ள வடிவங்கள் புராணங்களிலிருந்து வந்தவை என்பதும் உண்மை. மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றிக் கோயில் அமைத்தேன் என்று பெருமிதத்தோடு சொன்னதும் வடமொழியில்தான். அதே மன்னன் எழுதிய மத்தவிலாசம் என்னும் நகைச்சுவை நாடகமும் வடமொழியில்தான். அதில் காபாலிகனும் பௌத்தத் துறவியும் பாசுபதனும் ஒருவர் தப்பாமல் நகைப்புக்கு ஆளாகின்றனர். ஆகவே வடமொழி என்றாலே வேதாந்தம், வடமொழி என்றாலே பக்தி என்று எண்ணுவதும் அறியாமையே. அது அரசவையின் மொழியாகவும், புலவர் பலரின் மொழியாகவும், எள்ளலின் மொழியாகவும் இருந்தது.

ஆனால் நாமக்கல்லில் அந்தப் பாறையைக் குடைந்தவர் யார்? உலகளந்தவனின் தூக்கிய திருவடியில் அத்தனை விசையை ஏற்றிய கை யாருடையது? மன்னன் குலப்பெயர் நமக்குக் கிடைத்தது. கொத்தன் பெயர் கிடைக்கவில்லை. 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெருங்கோயிலிலோ, குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் என்ற பெயர் கல்லில் நிற்கிறது. ஆடல் மகளிர் நானூற்றுவரின் பெயரும், அவர்க்கு அளித்த மனையும் பங்கும்கூட அங்கே வரிவரியாய் உள்ளன. அது மக்களாட்சி அன்று, மன்னனின் கணக்கேடு. என்றாலும் அந்தக் கணக்கேட்டில் உழைத்தவருக்கு ஒரு வரி இருந்தது; அந்த வரி தமிழில் இருந்தது.

சாத்திரங்கள் சொல்வது என்ன?

“சாத்திரம், சாத்திரம்” என்று நம்மை அச்சுறுத்துவோரை, அச்சாத்திரங்களைத் திறந்து படிக்குமாறு நாம் அழைக்க வேண்டும். நாமும் படிக்க வேண்டும். படித்தால் வியப்பு காத்திருக்கிறது.

பரதரின் நாட்டிய சாத்திரத்தை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் முதல் இயலிலேயே, நாடகம் ஏன் பிறந்தது என்பதற்கு ஒரு காரணம் கூறப்பட்டுள்ளது. நான்கு வேதங்களையும் சூத்திரர் கேட்கலாகாது. ஆதலால் எல்லா வருணத்தாருக்கும் உரிய ஐந்தாம் வேதம் ஒன்று வேண்டும் என்று தேவர்கள் பிரமனை வேண்டினராம். பிரமனும் இருக்கிலிருந்து மொழியையும், சாமத்திலிருந்து இசையையும், யசுரிலிருந்து அபிநயத்தையும், அதர்வணத்திலிருந்து சுவையையும் எடுத்துக் கொடுத்தானாம். தோழர்களே, இது நம் எதிரிகள் மீது நாம் சுமத்தும் குற்றச்சாட்டன்று. அவர்கள் தலைமேல் வைத்துப் போற்றும் நூலின் வாக்குமூலம்! பூட்டிய கதவுக்கு வெளியே நின்றவர்களுக்காகப் பிறந்தது கலை என்று அந்நூலே ஒப்புக்கொள்கிறது.

அதே நூலின் இறுதியிலே இன்னொரு கதை. பரதரின் மக்கள் முனிவர்களைக் கேலிசெய்து கூத்தாடினர். முனிவர் சினந்து, “நீங்களும் உங்கள் வழியினரும் சூத்திரர் ஆகுக” என்று சபித்தனர். முதலில் கலை எல்லாருக்கும் பொது. முடிவில் கலைஞன் கீழானவன். இரண்டுக்கும் இடையே உள்ளது அவன் செய்த கேலி. அதிகாரத்தைப் பார்த்து நகைத்தவனுக்கு அந்நாளில் கிடைத்த தண்டனை இது!

மனுவின் நூலைப் பாருங்கள். ஓரிடத்தில் கைவினைஞனின் கை எப்போதும் தூயது என்கிறது. எவ்வளவு நல்ல வாசகம் என்று மகிழாதீர்கள். மற்றோரிடத்தில் தச்சனின் சோறு, கொல்லனின் சோறு, பொற்கொல்லனின் சோறு, பாடுவோன் சோறு, கூத்தாடியின் சோறு ஆகியவை உண்ணத் தகாதவை என்று வரிசை இடுகிறது. கை தூய்மை, சோறு தீட்டு! அவன் செய்த பொருள் வேண்டும்; அவனோடு பந்தி வேண்டா. இவ்வளவு சுருக்கமாக ஒரு சமூக அமைப்பின் மனத்தை வேறு யாரும் எழுதிக் காட்ட முடியாது.

விஷ்ணுதர்மோத்தரம் என்னும் புராணத்தில், சிலை செய்யும் கலையைக் கற்பிக்குமாறு வச்சிரன் என்னும் அரசன் மார்க்கண்டேயரைக் கேட்கிறான். ஓவியம் அறியாதவன் சிற்பம் அறியான். ஆடல் அறியாதவன் ஓவியம் அறியான். கருவியிசை அறியாதவன் ஆடல் அறியான். பாட்டு அறியாதவன் கருவியிசை அறியான் என்று முனிவர் படிப்படியாக விடை தருகிறார். கலைகளின் ஒருமையை இதைவிட அழகாக விளக்குவது அரிது. நல்லதை நல்லது என்று சொல்வதில் நமக்கு என்ன தயக்கம்? ஆனால் இந்த அறிவு முனிவரின் தியானத்தில் மட்டும் விளைந்ததா? பாட்டும் பறையும் ஆட்டமும் ஓவியமும் ஒரே ஊரில், ஒரே விழாவில், ஒருவர் தோளை ஒருவர் உரசி வாழ்ந்ததைக் கண்டவன்தான் இப்படி எழுத முடியும்.

சுவாமிமலைப் பட்டறைக்குச் சென்று பார்த்தால் இது விளங்கும். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் சமைக்கின்றனர்; அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசுகின்றனர்; உலர்ந்தபின் சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றுகின்றனர்; மெழுகு இருந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுகின்றனர்; மண்ணை உடைத்தால் தெய்வம்! உத்தம தசதாலத்துக்கு 124 அங்குலம் என்று நூல் சொல்லும். ஆனால் பட்டறையில் அந்த அளவு, சிலையின் உயரத்துக்கு நறுக்கி மடித்த தென்னை ஓலையில் இருக்கிறது. சுலோகம் அளவைச் சொல்லும். மெழுகு எப்போது கைக்கு இளகும், மண் எவ்வளவு உலர வேண்டும் என்பதைச் சுலோகம் சொல்லாது. அது தந்தை கையிலிருந்து மகன் கைக்கு வருவது. ஏடு அதனைத் தொகுத்து வைத்தது, படைக்கவில்லை.

அப்படி உருவான சிலைக்குக் கடைசியில் கண் திறப்பவரும் தபதியே. கண் திறந்து, குடமுழுக்கு முடிந்த பின்னரோ, அவர் தொட்டுச் செதுக்கிய அதே திருமேனியை அவர் தொடலாகாது! தெய்வத்துக்குப் பார்வை கொடுத்தவர் கருவறைக்கு வெளியே நிற்கிறார். அவர் உழைப்பைக் கண்ணாற் கண்டிராதவர் உள்ளே நிற்கிறார்.

ஒரே தத்துவமா?

இந்தியத் தத்துவம் என்றால் ஆன்மா, பிரமம், மாயை என்று மூன்று சொற்களில் முடித்துவிடுகின்றனர். இதுவும் அடாத சுருக்கம். மணிமேகலையின் சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதையைப் படியுங்கள். வஞ்சி மாநகரில் ஓர் இளம்பெண் வேதவாதியைக் கேட்கிறாள், சைவவாதியைக் கேட்கிறாள், ஆசீவகனை, நிகண்டவாதியை, சாங்கியனை, வைசேடிகனை, பூதவாதியை எல்லாம் கேட்கிறாள். பூதங்களின் கூட்டுறவில் உணர்வு தோன்றும், பிரிவில் மறையும் என்ற உலகாயதக் கொள்கைக்கும் அந்த அவையில் இடம் இருந்தது. 14-ஆம் நூற்றாண்டில் மாதவர் எழுதிய சர்வதரிசன சங்கிரகம் முதல் இயலையே சார்வாகத்துக்குத் தருகிறது. மறுப்பதற்காகவே என்றாலும் முதலில் அதனைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. உலகாயதரின் சொந்த நூல்கள் அழிந்தன. பகைவர் எழுதிய மறுப்புகளின் வழியே அவர்களை நாம் அறிகிறோம். தேவிபிரசாத் சட்டோபாத்தியாயா 1959-இல் ‘லோகாயதம்’ என்னும் பெருநூலை எழுதி, அந்தச் சிதறல்களைத் திரட்டிக் காட்டினார்.

சாங்கியம் கடவுளைத் தேடவில்லை. இயற்கையை ஓர் ஆடல் மகளாக அது உருவகிக்கிறது. அவையோர்முன் ஆடிக் காட்டியபின் அவள் விலகி விடுகிறாள் என்று சாங்கிய காரிகை கூறும். தத்துவம் தன் மிக நுண்ணிய கருத்தைச் சொல்ல ஓர் உவமை தேடியபோது யாரிடம் போயிற்று? ஆடுகிறவளிடம்!

உபநிடதத்திலே சத்தியகாமன் கதை உண்டு. தந்தை குலம் தெரியாத சிறுவன். தாய் சபாலை சொன்ன உண்மையை ஆசிரியரிடம் அப்படியே சொன்னான். உண்மை சொன்னாய், ஆகவே நீ தகுதியுடையவன் என்று கௌதமர் ஏற்றுக்கொண்டார். எவ்வளவு திறந்த வாயில்! ஆனால் பிரம சூத்திரத்துக்குச் சங்கரர் உரை எழுதியபோது சூத்திரனுக்கு வேதம் கற்கும் உரிமை இல்லை என்று நிறுவினார். மூலத்தில் திறந்திருந்த கதவை உரை சாத்தியது. எல்லாம் பிரமம் என்று முழங்கிய தத்துவமே, பக்கத்து வீட்டுக்காரனைக் கண்டதும் வருணம் கேட்டது! நாம் கேட்க வேண்டிய கேள்வி, “நூல் என்ன சொல்கிறது?” என்பதோடு முடியலாகாது. “உரை யார் எழுதினார்? யாருக்காக எழுதினார்?” என்பதும் சேர வேண்டும்.

கேடயம் சுவரான கதை

அப்படியாயின் இந்தியக் கலை முழுதும் ஆத்மிகமே என்ற கருத்து எவ்வாறு வலுப்பெற்றது? அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அது நியாயமான வரலாறும் ஆகும்.

வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் நம் சிற்பங்களை அவர்கள் இழிவாகப் பேசினர். 1910-இல் இலண்டனில் சர் சார்ச்சு பேர்ட்வுட்டு என்பவர், சாவகத்தின் புத்தர் சிலையைக் கொழுப்பிட்டு அவித்த மாவுப் பண்டத்துக்கு ஒப்பிட்டார். அதனைக் கேட்டுக் கொதித்தெழுந்தோர் அவ்வாண்டே இந்தியா சங்கத்தை நிறுவினர். சென்னைக் கலைப்பள்ளியிலும் பின்னர்க் கல்கத்தாவிலும் தலைவராயிருந்த ஏவல், நம் கலையை உயர்த்தி நூல்கள் எழுதினார். கொழும்பில் 1877-இல் பிறந்த தமிழ்க் குலத்து ஆனந்த குமாரசாமி, 1908-இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். சமதர்மவாதியும் கைத்தொழிலின் காதலருமான வில்லியம் மோரிசு பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அதனை அச்சிட்டார். 1918-இல் ‘சிவ நடனம்’ என்னும் கட்டுரைத் தொகுதியை வெளியிட்டு, தில்லைக் கூத்தனை உலகத்தின் கண்முன் நிறுத்தினார். திருமூலரையும் உண்மை விளக்கத்தையும் துணைக்கொண்டே அந்த ஆடலுக்கு அவர் பொருள் கண்டார் என்பதை, வடமொழி ஒன்றே மூலம் என்போர் மறந்துவிடுகின்றனர்.

அவமதித்தவன்முன் “எங்கள் கலை உன் கண்ணுக்கு எட்டாத ஆத்மிக உயரத்தில் உள்ளது” என்று அவர்கள் கூறியது கேடயம். அந்தக் கேடயத்துக்கு நாம் நன்றி கூறுவோம். ஆனால் பகைவன் போனபின்னும் கேடயத்தைக் கீழே வைக்கவில்லை. அதுவே உள்நாட்டில் சுவராயிற்று. கலையைப் படைத்த மக்கள் ஒருபுறம், கலைக்குப் பொருள் சொல்லும் உரிமை பெற்றவர் மறுபுறம் என்று பிரிக்கும் சுவராயிற்று.

பாணரும் ஆடல் மகளிரும்

சுவர் எழுந்தபின் நேர்ந்ததை நம் மண்ணிலேயே காணலாம். இக்கொல்லிக்குத் தலைவன் வல்வில் ஓரி. ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் வீழ்த்திய வேடனாக வன்பரணர் அவனைக் காட்டுகிறார். காட்டிலே முழவும் யாழும் தூம்பும் ஏந்தி வந்த கூட்டத்தார் அவனைப் பாடினர். தன்னை வேந்தன் என்று கேட்டதும் அவன் நாணினான். ஊனும் தேறலும் மலையின் பொன்னும் மணியும் தந்தான். பாணனுக்கு முன்னே வேந்தன் நாணி நின்ற மலை இது!

அந்த ஓரியைக் காரி கொன்று, கொல்லியைச் சேரர்க்குக் கொடுத்தான் என்று அகநானூறு சொல்கிறது. ஓரி போனான், காலப்போக்கில் பாணரின் மதிப்பும் போயிற்று. திருநீலகண்ட யாழ்ப்பாணர் ஆலவாய்க் கோயிலின் புறத்தே நின்று பாடினார் என்றும், திருப்பாணாழ்வார் அரங்கத்துள் நடந்து செல்ல இயலாமல் முனிவர் தோளில் ஏறிச் சென்றார் என்றும் பக்தி வரலாறுகளே கூறும். இறைவன் உள்ளே அழைத்தான் என்ற முடிவில் மனம் மகிழ்வோர் மகிழட்டும். வெளியே நிறுத்தியவர் யார் என்று நாம் கேட்போம். தேவாரத்தின் பண்கள் மறைந்தபோது அவற்றை மீட்டுத் தந்தவர் எருக்கத்தம்புலியூரில் இருந்த அந்த யாழ்ப்பாணர் மரபுப் பெண் ஒருவரே என்பதும் மரபு. இம்மலையின் பெயரைத் தாங்கிய கொல்லிப் பண்ணில்தான், நாவுக்கரசர் திருவதிகையில் பாடிய முதற் பதிகம் அமைந்துள்ளது. இன்று ஓதுவார் அதனை நவரோசு இராகத்தோடு பொருத்திப் பாடுவர். பண் கோயிலுக்குள் சென்றது; பாணன் செல்லவில்லை.

நம் நூற்றாண்டுகளுக்கு வருவோம். பொட்டுக் கட்டும் வழக்கத்தை எதிர்த்து முத்துலட்சுமி அம்மையாரும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் போராடினர். 1947-இல் சட்டம் வந்தது. வந்திருக்க வேண்டிய சட்டம் அது. பெண்ணின் மானத்துக்கு மேலான கலை எதுவுமில்லை. ஆனால் அதே காலத்தில் சதிர் என்று வழங்கிய ஆட்டம் பரத நாட்டியம் என்று புதிய சிறப்போடு உயர்ந்தது. அதன் பிறப்பைப் பரதரின் ஏட்டிலே காட்டினர். 19-ஆம் நூற்றாண்டில் அதனை ஒழுங்குபடுத்திய தஞ்சை நால்வர் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோரின் நட்டுவ மரபும், அதனை உடலில் ஏந்தி வந்த மகளிரும் பின்னணிக்குச் சென்றனர். இழிவு அவர்களுடையது என்றார்கள். பெருமை சாத்திரத்தினுடையது என்றார்கள். பாலசரசுவதி போன்ற மேதைகள் மட்டும் அந்த மரபின் மகளாக மேடையில் நிமிர்ந்து நின்றனர்.

இன்றும் முடியாத வழக்கு

இது பழங்கதை என்று எண்ண வேண்டா. 1970-இல் தமிழகச் சட்டமன்றம் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்துச் சட்டம் இயற்றியது. 1972-இல் உச்சநீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. ஆனால் ஆகமத்துக்கு உட்பட்டே நியமனம் என்றது. 2006-இல் அரசாணை வந்தது. 2015-இல் மீண்டும் ஆகமத்தைச் சுட்டித் தீர்ப்பு வந்தது. 2021 ஆகஸ்டில் பல சாதிகளையும் சேர்ந்த, பயிற்சி பெற்ற 24 பேர் அர்ச்சகராக நியமிக்கப்பட்டனர். சட்டத்துக்கும் இந்த நியமனத்துக்கும் இடையே அரை நூற்றாண்டு! ஓர் ஏட்டின் பெயரால் அரை நூற்றாண்டைத் தள்ளிப்போட முடிகிறதென்றால், அந்த ஏட்டில் என்ன உள்ளது என்று அறியாமல் இருக்கும் உரிமை நமக்கு உண்டா?

நம்பிக்கைக்கும் காரணம் உண்டு. 1957-இல் மாமல்லபுரத்தில் அரசு சிற்பப் பயிற்சிக்கெனத் தொடங்கிய நிறுவனம் இன்று கல்லூரியாக விளங்குகிறது. அதன் தலைவராயிருந்த கணபதி தபதி, குமரிமுனையில் வள்ளுவர்க்குச் சிலை எடுத்தார். அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு 38 அடிப் பீடம். மொத்த உயரம் 133 அடி. 2000-ஆம் ஆண்டின் முதல் நாளில் திறப்பு. கோயிற் சிற்பத்தின் அளவு நூல், எந்தச் சமயத்துக்கும் கட்டுப்படாத புலவருக்குக் கடல் நடுவே உருக்கொடுத்தது. உளி யாருக்கும் அடிமையன்று. அதனைப் பிடித்தவனின் கருத்துக்கு ஏற்ப அது பேசும்.

நாம் செய்ய வேண்டியவை

தோழர்களே, கேட்டுக் கலைவதற்காக இதனைச் சொல்லவில்லை.

முதலாவது, வடமொழி நூல்களை அஞ்சவும் வேண்டா, வணங்கவும் வேண்டா, படிப்போம். நாட்டிய சாத்திரமும், சிற்ப நூல்களும், ஆகமங்களும் நல்ல தமிழில் குறைந்த விலையில் கிடைக்க வேண்டும். நம் படிப்பகங்களில் அவற்றுக்கு ஓர் அடுக்கு வேண்டும். பூட்டி வைத்த நூலுக்குத்தான் மந்திர வலிமை; திறந்து படித்த நூலுக்கு நியாய வலிமை மட்டுமே.

இரண்டாவது, கோயிலை விட்டு விலகிச் செல்வதைப் பகுத்தறிவு என்று எண்ணாதீர்கள். நாமக்கல் குடைவரைக்குச் செல்லுங்கள். கும்பிடுவோர் கும்பிடட்டும், கும்பிடாதவர் அந்தக் கொத்தனை நினையுங்கள். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, இதனை உன் முன்னோன் ஒருவன் உளிகொண்டு குடைந்தான் என்று சொல்லுங்கள்.

மூன்றாவது, இந்த மலையின் மக்களிடம் கேளுங்கள். மலையாளி என்ற பெயர் தாங்கிய இப்பழங்குடி மக்கள் பேசுவது தமிழ். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைத்த இவர்களின் நடவுப் பாட்டும், தாலாட்டும், ஒப்பாரியும், ஆடி 18 விழாவின் ஆட்டமும் எந்தச் சாத்திரத்திலும் இல்லை. முதியோர் மறைந்தால் அவையும் மறையும். இளந்தோழர்களின் சட்டைப்பையில் உள்ள கைப்பேசியே பதிவுக் கருவியாக இருக்கும் காலம் இது. பாடியவர் இசைவோடு பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயரையும் ஊரையும் சேர்த்து எழுதுங்கள். அவர் விரும்பும் வண்ணம் மட்டும் வெளியிடுங்கள். நாளை ஒருவர் வந்து, இந்தப் பாட்டு இன்ன புராணத்தில் பிறந்தது என்று சொன்னால், இல்லை, இன்ன ஊரில் இன்ன தாய் பாடியது என்று எடுத்துக் காட்டுங்கள்.

நான்காவது, கலைஞனைப் போற்றுவது மாலையோடு முடியலாகாது. சுவாமிமலையின் பட்டறைத் தொழிலாளிக்கும், மாமல்லபுரத்துக் கல் தச்சனுக்கும், தெருக்கூத்துக் கலைஞனுக்கும், நாகசுரக்காரருக்கும் தவிற்காரருக்கும் முறையான கூலி, முதுமையில் ஓய்வூதியம், கல்தூசு தின்ற நுரையீரலுக்கு மருத்துவம் ஆகியவற்றைக் கேட்பதும் கலைத்தொண்டே.

கடவுள் உண்டா, ஆன்மா உண்டா என்பதில் இங்குள்ளோரிடையே கருத்து வேற்றுமை இருக்கலாம். மணிமேகலையின் வஞ்சி மாநகரில் அந்த வேற்றுமையோடு ஒரே அவையில் அமர முடிந்தது, நம்மாலும் முடியும். ஆனால் ஒன்றில் வேற்றுமை கூடாது. செய்தவனுக்கு அவன் செய்ததன்மேல் உரிமை உண்டு. பெயரிலும் உண்டு, பயனிலும் உண்டு, அதன்முன் நிற்கும் இடத்திலும் உண்டு. அந்த உரிமையை நாமக்கல்லின் பெயரறியாக் கொத்தனுக்கு இனி நாம் தர இயலாது. இன்று உளி பிடித்திருப்பவனுக்குத் தர இயலும். அதற்கான பணியை இம்மலையிலிருந்தே தொடங்குவோம்.